பெயர் பெற்றதும் பெயர் இழந்ததும்: விட்லாக்கைட் குடும்பத்தின் ஐயங்கள்

2018-இல் ‘அமெரிக்கன் மினரலாஜிஸ்ட்’ இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையோடு பாப்டவுன்சைட் என்னும் கனிமம் இல்லாமல் போயிற்று. கனடாவின் வடமேற்குக் கோடியில், யூகான் பகுதியின் பிக் ஃபிஷ் ஆற்றங்கரைப் பாறையில் கிடைத்த பாஸ்பேட் அது. பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் பெயரிடல் குழு 2008-இல் அதற்கு ஒப்புதல் எண் கொடுத்தது. 2011-இல் முழு விவரிப்பு அச்சேறியது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கனிமவியலாளர் ராபர்ட் டவுன்ஸைச் சிறப்பிக்கும் வகையில் பெயரும் அமைந்தது. விதிமுறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. படிக அமைப்பு தீர்க்கப்பட்டிருந்தது, வேதிப் பகுப்பாய்வு இருந்தது, மூல மாதிரி பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பத்தே ஆண்டுகளில் அந்தப் பெயர் அடிபட்டது. ஆராய்ச்சியாளர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெரில்லைட் என்ற இன்னொரு பாஸ்பேட், ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இதற்கு நேர் எதிரான அநியாயத்துக்கு ஆளானது. உள்ளதை இல்லை என்றார்கள் அங்கே. இல்லாததை உண்டு என்றார்கள் இங்கே. இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்: ஒரு கனிமத்தைத் தனி இனமாக்குவது எந்த அணுவோ, அந்த அணுவைப் பார்க்கத் திறனற்ற கருவியின் சொல்லை வைத்துக்கொண்டு இரு முறையும் தீர்ப்பு எழுதப்பட்டது.

குடும்பத்தை முதலில் அறிமுகப்படுத்திவிடலாம். விட்லாக்கைட்டும் மெரில்லைட்டும் கால்சியம் பாஸ்பேட்டுகள். இரண்டிலும் ஒன்பது கால்சியம், ஒரு மெக்னீசியம், ஏழு பாஸ்பேட் தொகுதிகள் என்பதே அடிப்படைக் கணக்கு. அத்தனையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நேர்மின்னேற்றம் குறையும். அந்தக் குறையை விட்லாக்கைட் ஒரு ஹைட்ரஜனைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. மெரில்லைட் ஒரு சோடியத்தைக் கொண்டு. வேறுபாடு அவ்வளவுதான். சோடியம் மெரில்லைட்டின் எடையில் இரண்டு சதவீதம் சொச்சம் வரும், எந்தப் பகுப்பாய்விலும் தப்பாது. ஹைட்ரஜனின் நிலை வேறு. ஒரு கிலோ தூய விட்லாக்கைட்டில் ஹைட்ரஜன் ஒரு கிராம்கூடத் தேறாது. இவ்வளவு அற்பமான எடைக்காகத் தனிப்பெயரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் இருக்கிறது என்றால் அந்தக் கனிமம் தண்ணீர் இருந்த சூழலில் பிறந்தது என்று பொருள். ஒரு கல் நீர் கண்ட கல்லா, காணாத கல்லா என்ற கேள்வியைவிடப் பெரிய கேள்வி புவியியலில் அதிகமில்லை.

மெரில்லைட்டின் கதை விண்கற்களில் தொடங்குகிறது. கல்வகை விண்கற்களை மெல்லிய சீவல்களாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், மற்றத் துகள்களின் இடுக்குகளில் நிறமற்ற, ஒழுங்கான வடிவமற்ற ஒரு பொருள் கிடப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். மான்டிசெலைட் என்ற சிலிக்கேட்டைப் போலிருக்கிறது என்று அரைமனதோடு எழுதிவைத்தார்கள். வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பெர்கின்ஸ் மெரில் 1915-இல் அது சிலிக்கேட் அல்ல, கால்சியம் பாஸ்பேட் என்று காட்டினார். 1917-இல் எட்கர் வெரி அதற்கு மெரிலின் பெயரைச் சூட்டினார். 1925-இல் ஷானனும் லார்சனும் செய்த பகுப்பாய்வு அதில் சோடியம் ஓர் அங்கம் என்று கண்டது. அவர்கள் எழுதிய வாய்ப்பாடு இன்றைய வாய்ப்பாட்டோடு பொருந்தாது. விண்கல்லிலிருந்து மணல்போலப் பொறுக்கியெடுத்த துகள்களில், ஈரமுறை வேதியியலை மட்டும் நம்பிச் செய்த வேலை. அளவுகள் பிசகியதில் வியப்பில்லை. ஆனால் சோடியம் இக்கனிமத்துக்கு உரியது, ஓரத்தில் ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல என்ற அவர்களது முடிவு சரி. பிறகு வந்தவர்கள் அதை மறந்துபோனதுதான் வேடிக்கை.

விட்லாக்கைட் பூமியில் பிறந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் நார்த் க்ரோட்டன் ஊருக்கு அருகிலுள்ள பாலெர்மோ சுரங்கம் பாஸ்பேட் கனிமங்களுக்குப் பேர்போன ஒரு பெக்மடைட் பாறை. அங்கு கிடைத்த படிகங்களை ஹார்வர்டின் கிளிஃபர்ட் ஃப்ராண்டல் 1941-இல் விவரித்தார். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் விட்லாக் பெயரை வைத்தார். கட்டுரைத் தலைப்பிலேயே வாய்ப்பாடும் இருந்தது: மூன்று கால்சியம், இரண்டு பாஸ்பேட். அதாவது ஆய்வகத்தில் தயாராகும் பீட்டா முக்கால்சியம் பாஸ்பேட்டின் இயற்கை வடிவம் இது என்பது ஃப்ராண்டலின் முடிவு. காரணமும் இருந்தது. இரண்டின் எக்ஸ் கதிர்ப் படங்களும் மிக நெருங்கியவை. அணுக்கூடு செயற்கைப் பொருளில் 10.439-க்கு 37.375 ஆங்ஸ்ட்ராம், பாலெர்மோ கனிமத்தில் 10.330-க்கு 37.103. நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலான வித்தியாசம். அக்காலத்துப் பொடிப்படத்தில், அதாவது தூளாக்கிய மாதிரியை எக்ஸ் கதிரில் எடுத்த படத்தில், அதை ‘கொஞ்சம் மெக்னீசியம் கலந்திருக்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிட முடியும். மெக்னீசியத்துக்குப் படிகத்தில் தனி இருக்கை உண்டு என்பதும், கூடவே ஒரு ஹைட்ரஜன் கட்டாயமாக அமர்ந்திருக்கிறது என்பதும் 1970-களில் கால்வோ, கோபால் ஆகியோர் ஒற்றைப் படிகத்தை எக்ஸ் கதிரில் ஆராய்ந்த பிறகே தெளிவாயின. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விட்லாக்கைட் என்பது தவறான வாய்ப்பாட்டோடு புழங்கிய சரியான கனிமம். பின்னால் நடந்த குழப்பங்களுக்கு விதை இங்கே விழுந்தது.

1962-இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் லூயிஸ் ஃபக்ஸ் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். விண்கல் மெரில்லைட்டின் எக்ஸ் கதிர்ப் பொடிப்படம் விட்லாக்கைட்டின் படத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே இரண்டும் ஒன்றே என்பது அவர் சொன்னது. அக்காலத் தராசில் இது நல்ல வாதம். பொடிப்படம் கனிமவியலின் கைரேகை. ரேகை பொருந்தினால் ஆள் ஒன்று. அப்படியே எல்லோரும் ஏற்றார்கள். மெரில்லைட் என்ற பெயர் புழக்கத்திலிருந்து மறைந்தது. 1969-க்குப் பிறகு அப்பல்லோ விண்கலங்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகளில் அதே பாஸ்பேட் கிடைத்தபோது, ஆய்வேடுகள் அதை விட்லாக்கைட் என்றே எழுதின. நிலவின் பாறைகள் எலும்பாய்க் காய்ந்தவை என்று அடித்துச் சொல்லிக்கொண்டே, ஹைட்ரஜன் இல்லாமல் இருக்கவே முடியாத ஒரு கனிமத்தின் பெயரை அவற்றில் பதித்தார்கள்! இந்த முரண் அப்போது யாரையும் உறுத்தாததற்குக் காரணம் ஃப்ராண்டலின் பழைய வாய்ப்பாடு. அதில் ஹைட்ரஜனே இல்லையே. பெயர் தவறாகச் சேர்ந்தது, வாய்ப்பாடு தவறாக இருந்தது; இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

முடிச்சு அவிழ்ந்தது படிகத்தின் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான். இந்தக் கனிமங்களின் அணுக்கூட்டில் மும்மடிச் சமச்சீர் அச்சு ஒன்று ஓடுகிறது. அந்த அச்சின் மேல் ஒரு பாஸ்பேட் நான்முகி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாஸ்பரஸ், அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். மெரில்லைட்டில் அதன் உச்சி ஆக்சிஜன் ஒரு திசையை நோக்கும். சோடியத்துக்கென்று தனி இடம் இருக்கும். விட்லாக்கைட்டில் ஹைட்ரஜன் ஒன்று ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் அந்த நான்முகி தலைகீழாகக் கவிழ்ந்துகொள்கிறது. சோடியத்தின் இடம் காலியாகிறது. அலகு வாய்ப்பாட்டிலுள்ள ஏழு நான்முகிகளில் கவிழ்வது இந்த ஒன்று மட்டுமே; கூட்டின் மீதிச் சட்டகம் அப்படியே நிற்கிறது. பொடிப்படத்தில் கோடுகளின் இடம் ஏறக்குறைய மாறாமலிருக்கும். ஒற்றைப் படிகத்தைக் கவனமாக அளந்தால் மட்டுமே கவிழ்ந்த நான்முகி தெரியும். 2006-இல் ஜான் ஹியூஸ், பிராட்லி ஜாலிஃப் குழுவினர் அப்பல்லோ 14 கொண்டுவந்த ஃப்ரா மௌரோ பாறையின் மெரில்லைட்டை இப்படித்தான் தீர்த்தார்கள். 2008-இல் இன்னொரு படி மேலே போய், விட்லாக்கைட்டை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அதன் ஹைட்ரஜன் வெளியேறியதும் அமைப்பு மெரில்லைட்டின் அமைப்பாக மாறுவதைக் காட்டினார்கள். இதோடு பழைய கணக்கு தீர்ந்தது. மெரில்லைட் மீண்டும் தனிக் கனிமம். விண்கல் ஆய்வாளர்கள் 1990-களிலிருந்தே அந்தப் பெயருக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். இப்போது கையில் ஆதாரமும் வந்துவிட்டது.

பாப்டவுன்சைட் இந்த மீட்சியின் சூட்டோடு வந்தது. பிக் ஃபிஷ் ஆறும் அருகிலுள்ள ரேப்பிட் க்ரீக்கும் உலகில் அதற்குமுன் வேறெங்கும் காணாத பாஸ்பேட்டுகள் பலவற்றைத் தந்த இடம். யூகானின் அடையாளக் கல்லான நீல லாசுலைட்டும் அங்கேதான் கிடைக்கிறது. புதிய இனம் ஒன்றை அங்கே எதிர்பார்ப்பது இயல்பே. 2011-இல் டெய்ட் குழுவினர் சொன்னது இது: விட்லாக்கைட்டில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் இங்கே ஃப்ளோரின் இருக்கிறது, பாஸ்பரஸோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. இது சாதாரணக் கூற்று அல்ல. ஃப்ளோரின் ஒட்டிய பாஸ்பேட், அதாவது ஒற்றைஃப்ளோரோ பாஸ்பேட், ஆய்வகத்தில் புதிதல்ல. பல பற்பசைகளில் பல்லரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் சோடியம் உப்பு அதுவே. இயற்கையில் மட்டும் யாரும் அதைக் கண்டதில்லை. பாப்டவுன்சைட் மெய்யாக இருந்தால் பாஸ்பரஸ்–ஃப்ளோரின் பிணைப்பைப் பாறை தானே உண்டாக்குகிறது என்பதற்கு அது முதல் சான்று. ஆதாரமாக இரண்டு முன்வைக்கப்பட்டன: எலெக்ட்ரான் நுண்சலாகைப் பகுப்பாய்வு ஃப்ளோரினைக் காட்டியது, எக்ஸ் கதிர்ப் படிக அமைப்பில் பாஸ்பரஸ்–ஃப்ளோரின் பிணைப்பின் நீளம் எதிர்பார்த்தபடி பொருந்தியது.

இந்த இரண்டாவது ஆதாரத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் உயிர்நாடி அதுதான். எக்ஸ் கதிர் பார்ப்பது அணுக்கருவை அல்ல, எலெக்ட்ரான்களை. ஃப்ளோரின் அணுவில் ஒன்பது எலெக்ட்ரான். ஆக்சிஜனில் எட்டு, அதோடு ஹைட்ரஜனின் ஒன்றைச் சேர்த்தால் ஹைட்ராக்சிலிலும் ஒன்பது. இன்னும் மோசம், பாஸ்பரஸிலிருந்து ஃப்ளோரின் நிற்கும் தொலைவும், ஹைட்ரஜன் ஏந்திய ஆக்சிஜன் நிற்கும் தொலைவும் கிட்டத்தட்ட ஒன்றே, ஏறக்குறைய 1.55 முதல் 1.6 ஆங்ஸ்ட்ராம். ஆகவே படிக அமைப்பைத் தீர்க்கும் ஒருவர் அந்த இடத்தில் ஃப்ளோரின் என்று எழுதினாலும் கணக்கு சரியாக வரும். ஹைட்ராக்சில் என்று எழுதினாலும் சரியாக வரும். பிணைப்பு நீளம் பொருந்துகிறது என்பது ஃப்ளோரினுக்குச் சாட்சியே அல்ல. இரு தரப்புக்கும் ஒரே சொல்லைச் சொல்லும் சாட்சி யாருக்கும் சாட்சியில்லை. அப்படியானால் முழுச் சுமையும் நுண்சலாகையின் மேல் விழுகிறது. நுண்சலாகைக்கு ஹைட்ரஜன் தெரியவே தெரியாது. ஃப்ளோரின் தெரியும், ஆனால் சிக்கலோடு. ஃப்ளோரினின் எக்ஸ் கதிர் வலிமை குறைந்தது. இரும்பு வெளியிடும் ஒரு கதிர் அலைநீளத்தில் அதை ஒட்டியே வருகிறது. பரவலாகப் பயன்படும் சில பகுப்பிகளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இரும்பு கலந்த பாஸ்பேட்டில் ஃப்ளோரினை அளப்பவர் எச்சரிக்கையாக இல்லாவிட்டால் இல்லாததும் அளவில் ஏறும்.

தொடக்கத்தில் சொன்ன 2018 கட்டுரையில் மெக்கப்பின் குழுவினர் செய்தது, அதே மூல மாதிரியை எடுத்து மறுபடியும் கேள்வி கேட்டது. நுண்சலாகையில் ஃப்ளோரின் கண்டறியும் வரம்புக்குக் கீழேயே இருந்தது. அதே இடத்துக் கனிமத்தைச் சூடாக்கி, வெளியேறும் ஹைட்ரஜனை வாயுநிறப் பிரிகையோடு இணைந்த நிறைமானியில் அளந்தார்கள். ராமன் நிறமாலையில் பார்த்தார்கள். அணுக்கருக் காந்த ஒத்திசைவிலும் சோதித்தார்கள். பாஸ்பரஸும் ஃப்ளோரினும் நேராகப் பிணைந்திருந்தால் ஒன்றின் கரு மற்றதைத் தொந்தரவு செய்யும். அந்தத் தடம் நிறமாலையில் மறையாது. செயற்கை ஒற்றைஃப்ளோரோ பாஸ்பேட் உப்புகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் பிக் ஃபிஷ் கனிமத்தில் அந்தத் தடமே இல்லை. விட்லாக்கைட்டிலிருந்து பாப்டவுன்சைட்டைப் பிரித்தறிய வழியில்லை. அது விட்லாக்கைட்டும் மெரில்லைட்டும் கலக்கும் வரிசையில் ஓரிடத்தில் நிற்கும் சாதாரண உறுப்பு. அதே கட்டுரை செக் நாட்டு க்ராஸ்னோயிட் என்ற கனிமத்தையும் கையோடு விசாரித்தது. அதிலும் ஒற்றைஃப்ளோரோ பாஸ்பேட் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே ஃப்ளோரின் உண்டு, ஆனால் அது அலுமினியத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது, பாஸ்பரஸை அல்ல. கடைசியில், பாஸ்பரஸ்–ஃப்ளோரின் பிணைப்புள்ள கனிமம் என்று நிறுவப்பட்டது எதுவும் மிஞ்சவில்லை. (இந்த விசாரணையில் ராமன் நிறமாலைக்குக் கிடைத்த இடம் தற்செயல் அல்ல. 1928-இல் சி. வி. ராமன் கண்ட சிதறல் விளைவு அணுக்களின் அதிர்வைக் கேட்கிறது, எலெக்ட்ரான்களை எண்ணுவதில்லை. ஒன்பதும் ஒன்பதும் சமம் என்ற குழப்பம் அதற்குக் கிடையாது.)

‘அப்படியானால் எக்ஸ் கதிர்ப் படிகவியலே நம்பத்தகாததா?’ என்று படிகவியலாளர் ஒருவர் கேட்டால் அவர் கோபம் நியாயமானது. மெரில்லைட்டை மீட்டதே எக்ஸ் கதிர்தானே. உண்மை. ஹைட்ரஜனை நேராகக் காண அது தடுமாறினாலும், ஹைட்ரஜனால் கவிழ்ந்த நான்முகியை அது பிழையின்றிக் காட்டியது. கவிழ்ந்த நான்முகி என்பது எலெக்ட்ரான்கள் இடம்மாறி நிற்பது. அதைப் பார்ப்பது எக்ஸ் கதிரின் சொந்த வேலை. ஃப்ளோரினா ஹைட்ராக்சிலா என்பது எலெக்ட்ரான்கள் இடம்மாறாத கேள்வி. அங்கே அது ஊமை. ஆகவே குற்றம் கருவியின் மேல் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி பதில் சொல்லத் தகுதி பெற்றது என்பதை முன்கூட்டியே கேட்காததில்தான் இருக்கிறது. ஃபக்ஸின் பொடிப்படமும் இப்படித்தான். அது பொய் சொல்லவில்லை. சட்டகம் ஒன்று என்றது; சட்டகம் ஒன்றுதான். கனிமம் ஒன்று என்ற முடிவு மனிதர்கள் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் ஆழமானது. விட்லாக்கைட்டும் மெரில்லைட்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. சில படிகங்களில் பாதி இடத்தில் ஹைட்ரஜன், மீதியில் சோடியம். தொடர்ச்சியான ஒரு வரிசையின் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் வேறு இனம் என்பது நம் வசதிக்கான கற்பனை; அதில் சரி தவறு எங்கே வந்தது? பெயரிடல் குழுவின் விதி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: அந்த இருக்கையில் எந்த அணு மிகுதியோ அதன்படி பெயர். கோடு எங்கே விழுகிறது என்பது மரபுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டின் இரு கோடிகளிலும் இருப்பவை மரபு அல்ல. ஒரு கோடியில் நீருள்ள சூழலில் உருவாகும் கனிமம். மறுகோடியில் உருகிய பாறைக் குழம்பிலும் விண்கல்லிலும் விளையும் கனிமம். வரிசை தொடர்ச்சியானது என்பதற்காகக் கோடிகளை ஒன்றாக்கினால், நிலவில் இருப்பதும் நியூ ஹாம்ப்ஷயரில் இருப்பதும் ஒன்று என்ற பழைய அபத்தத்துக்கே திரும்ப வேண்டிவரும். பாப்டவுன்சைட்டோ இப்படி ஒரு கோடியே இல்லாத வரிசை. அதன் மூல மாதிரியிலேயே ஃப்ளோரின் இல்லை. கோடு எங்கே என்று வாதிடுவதற்குப் பொருளே கிடையாது. மெரில்லைட் விவகாரத்தை எல்லைத் தகராறு என்று வேண்டுமானால் அழைக்கலாம். பாப்டவுன்சைட்டுக்கு அது பொருந்தாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் செவ்வாய் கிரகம் பதில் சொல்லும். 1865 ஆகஸ்டு 25 அன்று பிகாரில் கயா அருகே ஷேர்காட்டியில் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. அது செவ்வாயிலிருந்து வந்தது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தே தெரிந்தது. இன்று ஒரு முழு விண்கல் வகுப்பே அதன் பெயரால் ஷெர்காட்டைட் எனப்படுகிறது. இவ்வகைக் கற்களில் பாஸ்பரஸ் பெரும்பாலும் மெரில்லைட்டில்தான் அடங்கியிருக்கிறது. அதன் இரும்பு வகையான ஃபெரோமெரில்லைட் முதலில் விவரிக்கப்பட்டதும் ஷேர்காட்டிக் கல்லிலிருந்தே. உயிருக்குப் பாஸ்பரஸ் இன்றியமையாதது. அது தண்ணீரில் கரைந்து கிடைத்தால்தான் பயன். பூமியின் பாறைகளில் பாஸ்பரஸை வைத்திருப்பது அபட்டைட். அது எளிதில் கரையாது. 2013-இல் ஆட்காக், ஹௌஸ்ராத் குழுவினர் ஆய்வகத்தில் இக்கனிமங்களைக் கரைத்துப் பார்த்து, செவ்வாயில் பாறையும் நீரும் சேரும்போது பாஸ்பேட் வெளிப்படும் வேகம் பூமியைவிட 45 மடங்குவரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். எந்தக் கனிமம் என்று தெரியாமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

தண்ணீரைப் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. இங்கே என் வாதமே சோதனைக்குள்ளாகிறது. விண்கல்லில் இருப்பது மெரில்லைட், அதில் ஹைட்ரஜன் இல்லை, எனவே செவ்வாயின் பாறைக் குழம்பு வறண்டது என்று முடிவுகட்டுவது எளிதாகத் தோன்றும். 2017-இல் ஆட்காக் குழுவினர் அந்த எளிமையை உடைத்தார்கள். செயற்கை விட்லாக்கைட்டின் மேல் உலோகத் தகட்டை அதிவேகமாக மோதவிட்டு, விண்கற்கள் செவ்வாயிலிருந்து பெயர்ந்தபோது பட்ட அதிர்ச்சியை ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள். மோதிய இடத்தில் 36 சதவீதம்வரை மெரில்லைட்டாக மாறிவிட்டிருந்தது. ஆக, நம் கைக்கு வந்திருக்கும் மெரில்லைட்டில் ஒரு பகுதி செவ்வாயில் விட்லாக்கைட்டாக இருந்திருக்கக் கூடும். மறுபுறம், ஷேர்காட்டிக் கல்லிலேயே 2014-இல் நடந்த ஆய்வு வேறு கோணத்தைக் காட்டியது. அங்கே மெரில்லைட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அபட்டைட்டில் ஹைட்ராக்சில் உண்டு. மெரில்லைட்டில் விட்லாக்கைட் கூறு காணப்படவில்லை. குழம்பின் வெப்பத்தில் விட்லாக்கைட் நிலைக்காது. குழம்பில் நீர் இருந்தாலும் மெரில்லைட் வறண்டே பிறக்கும் என்பது அதன் விளக்கம். இரு ஆய்வுகளும் வழியில் வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: மெரில்லைட் இருப்பது வறட்சிக்குச் சான்றல்ல. பெயரைச் சரியாக வைத்தால் வரலாறு தானே தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெயர் கனிமத்தின் இன்றைய நிலையைச் சொல்கிறது, கடந்துவந்த பாதையை அல்ல. ஷேர்காட்டிக் கல்லில் 1872-இல் கனிமவியலாளர் செர்மாக் கண்ட மாஸ்கலினைட்கூடப் படிகமே அல்ல, அதிர்ச்சியில் ஒழுங்கு குலைந்த ஃபெல்ட்ஸ்பார். பாதையைத் தேடுவது தனி வேலை. ஆனால் இன்றைய நிலையையே தப்பாகப் பதிந்தால் அந்த வேலைக்குத் தொடக்கப்புள்ளி இருக்காது. 1962-க்குப் பிந்தைய ஆய்வேடுகளில் ‘விட்லாக்கைட்’ என்று படிப்பவர், ஒவ்வொரு முறையும் ஹைட்ரஜனை யாராவது அளந்தார்களா என்று பின்னால் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

குழப்பம் விண்வெளியோடு நிற்கவில்லை. உடலில் சேரும் கற்களிலும் பற்காரையிலும் மெக்னீசியம் கலந்த விட்லாக்கைட் உண்மையாகவே உண்டு. அதே சமயம் எலும்பு மாற்றுப் பொருளாகப் பயன்படும் பீட்டா முக்கால்சியம் பாஸ்பேட்டை விட்லாக்கைட் என்று அழைக்கும் பழக்கம் மருத்துவப் பொருள் அறிவியலில் ஊறிப்போயிருக்கிறது. ஃப்ராண்டலின் 1941 வாய்ப்பாட்டின் நிழல் அது. இன்னும் ஒரு படி போய், மனித எலும்பின் இரண்டாவது பெரிய கனிமம் விட்லாக்கைட் என்ற கூற்று கட்டுரைக்குக் கட்டுரை நகர்ந்துவந்தது. 2021-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, நோயுற்ற மென்திசுக்களில் அது பரவலாக இருந்தாலும் எலும்பின் கணிசமான அங்கம் அல்ல என்று மறுத்தது. எலும்பைச் சுட்டுப் பார்க்கும் பழைய முறையில் சூட்டினால் விளைந்ததையும் உடலில் இருந்ததையும் பிரிப்பது கடினம். பொடிப்படம் மட்டும் கையிலிருந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கடைசியாக ஒரு நடைமுறை மறுப்பு. புதிய கனிமத்துக்கு இத்தனை சோதனைகள் கட்டாயம் என்றால், வசதி படைத்த சில ஆய்வகங்களைத் தவிர யாரும் எதையும் விவரிக்க முடியாது. மணலளவு மாதிரி கிடைக்கும் கனிமங்கள் பெயரின்றியே போகும். இந்தக் கவலை வெறும் பேச்சல்ல. ஆனால் நான் கேட்பது எல்லாச் சோதனைகளையும் அல்ல. ஒரு கனிமத்தைப் பக்கத்துக் கனிமத்திலிருந்து பிரிப்பது எந்த அணுவோ அதை நேரடியாக அளந்திருக்க வேண்டும். அந்த அளவீடு, எதிர்த்தரப்பு விளக்கமும் உண்மையாக இருந்தால் வேறு விடை தந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெக்கப்பின் குழு ஒற்றைஃப்ளோரோ பாஸ்பேட்டுக்குப் பரிந்துரைத்த நிபந்தனைகள் இந்த அளவில்தான் நிற்கின்றன: ஃப்ளோரின் அளவு, ராமனும் அகச்சிவப்பும் சேர்ந்த அதிர்வு நிறமாலை, இரும்பு போன்ற காந்த இடையூறு குறைவாக இருந்தால் காந்த ஒத்திசைவு, இவற்றோடு செயற்கை உப்புகளுடன் ஒப்பீடு. கெப்ளரைட் போன்று இக்குடும்பத்தில் அண்மையில் சேர்ந்த உறுப்புகளைப் பாருங்கள். அங்கே சர்ச்சை எழவில்லை, ஏனென்றால் அதை வேறுபடுத்துவது சோடியம் அமரவேண்டிய இடத்தில் பாதியளவு கால்சியம் இருப்பது; நுண்சலாகையும் எக்ஸ் கதிரும் பார்க்கத் தகுதிபெற்ற விஷயம். கடுமை எங்கே தேவையோ அங்கே மட்டும் கேட்டால் போதும். பெயரிடல் குழு 2006-இல் 133 ஐயத்துக்குரிய கனிமங்களை ஒரே வீச்சில் நீக்கியது. அவற்றில் பலவும் குழு 1959-இல் தோன்றும் முன்பே, இன்றைய அளவுகோலில் போதாத விவரிப்போடு புகுந்தவை. அப்போது பழைய காலத்தின் குறை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பாப்டவுன்சைட்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. அது குழுவின் கண்ணெதிரே வாக்குப் பெற்று நுழைந்தது. அது பிடிபட்டதும் மூல மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான். மாதிரி தொலைந்திருந்தால் அந்தப் பெயர் இன்னும் பட்டியலில் இருந்திருக்கும்.

செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் பெர்செவரன்ஸ் ஊர்தி துளைத்தெடுத்த பாறைக் குச்சிகள் என்றாவது பூமிக்கு வந்தால், மோதலில் செவ்வாயிலிருந்து தெறித்து வராத பாஸ்பேட் முதல் முறையாக ஆய்வகத்துக்குள் வரும். அதிர்ச்சி விட்லாக்கைட்டை மெரில்லைட்டாக்கியதா, அல்லது அது மெரில்லைட்டாகவே பிறந்ததா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கக் கூடும். ஊர்தியின் எக்ஸ் கதிர்க் கருவி கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இரும்பையும் காட்டும்; ஹைட்ரஜனைக் காட்டாது. ஆகவே அந்தக் குச்சிகளில் காணும் பாஸ்பேட்டுக்கு, ஹைட்ரஜனை நேராக அளக்கும்வரை, இரு பெயர்களில் எதையும் உறுதியாகச் சூட்டாமல் மெரில்லைட்–விட்லாக்கைட் வரிசையைச் சேர்ந்தது என்று மட்டும் பதிவதே முறை.